தளர்ந்த இதயத்துக்கு ஓய்வு தரும் மாத்திரைகள்

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவரின் மருந்துச் சீட்டில் ஐந்தாறு மாத்திரைகள் எழுதப்பட்டிருக்கும். சில நாள்கள் கழித்து அந்தச் சீட்டைக் கையில் ஏந்தியபடி அவருடைய மகனோ மகளோ வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து கேட்பதுண்டு: "அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருந்ததே இல்லை. நேற்று வீட்டில் பார்த்தபோதும் 106-க்கு 68 தான். மருந்துக் கடையில் விசாரித்தால், இவற்றில் மூன்று மாத்திரைகள் பிரஷருக்கு உரியவை என்கிறார்கள். இல்லாத நோய்க்கு எதற்கு மாத்திரை? இரண்டு நாள்களாக நிறுத்தி வைத்திருக்கிறோம்."

கேட்ட கேள்வி நியாயமானது. செய்த செயல் ஆபத்தானது. அந்த மாத்திரைகள் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படுபவைதான். ஆயினும் இதயச் செயலிழப்பில் அவற்றின் முதன்மையான பணி வேறு. நோயாளியின் உடலிலேயே சுரந்து, நாளடைவில் இதயத்தை நலியச் செய்யும் சில ஹார்மோன்களின் வேலையைத் தடுப்பதே அப்பணி. அது எவ்வாறு நடைபெறுகிறது, அதற்காக வீட்டில் எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உதவிக்கு வந்து உபத்திரவமாகும் ஹார்மோன்கள்

இதயச் செயலிழப்பு என்றவுடன் இதயம் நின்றுவிட்டது என்று பொருள் கொண்டு அஞ்சுவோர் பலர். அவ்வாறன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைத்து அனுப்ப இதயம் திணறும் நிலையே இது. மாரடைப்பு, நெடுங்காலம் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு, இதயத் தசையில் தோன்றும் நோய், அளவு மீறிய மது எனக் காரணங்கள் பல. இடக் கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் எத்தனை விழுக்காடு ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுகிறது என்பதை எக்கோ பரிசோதனை காட்டும். நலமான இதயத்தில் இது ஏறத்தாழ 55 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருக்கும். 40 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே இறங்கியவர்களுக்கே இங்குக் கூறப்படும் மருந்துகள் மிகுந்த பயன் தருகின்றன.

இதயம் தளரும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. ஏன் குறைந்தது என்பது சிறுநீரகத்துக்குத் தெரியாது. காயம் பட்டு இரத்தம் கொட்டிவிட்டது போலவும், உடல் நீரின்றி வறண்டுவிட்டது போலவும் அது எதிர்வினை ஆற்றுகிறது. அந்த ஆபத்துகளிலிருந்து உயிரைக் காக்க இயற்கை அமைத்த ஏற்பாடு முழுவதும் இயங்கத் தொடங்குகிறது. இந்த ஏற்பாட்டில் மூன்று ஹார்மோன்கள் முதன்மையானவை.

முதலாவது நார்அட்ரினலின். இது இதயத்தை விரைந்தும் விசையோடும் துடிக்கச் செய்கிறது. இரண்டாவது ஆஞ்சியோடென்சின். இது இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. மூன்றாவது, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டீரோன். இது உப்பையும் நீரையும் உடலில் தேக்கி வைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது.

இரத்தம் இழந்தவருக்குச் சில மணி நேரத்துக்கு இவை யாவும் உயிர் காக்கும். இதயம் தளர்ந்தவருக்கோ இவை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓயாமல் சுரக்கின்றன. கமலை இறைத்துக் களைத்துப்போன மாட்டைச் சாட்டையால் அடித்தால் இன்னும் நாலு சால் தண்ணீர் வரலாம், மாடு வீழ்ந்துவிடும். இதயத்துக்கும் அதுவே நேர்கிறது. இறுகிய குழாய்களை எதிர்த்து, தேங்கிய நீரையும் சுமந்துகொண்டு, ஓய்வின்றித் துடிக்கும் இதயம் மெல்ல மெல்ல விரிவடைகிறது. தசை நார்களுக்கு இடையே தழும்பு போன்ற இறுகிய திசு படர்கிறது. இதயம் மேலும் தளர, ஹார்மோன்கள் மேலும் சுரக்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டாவில் இதயநோய் மருத்துவர் ஜே கோன் தம் குழுவினருடன் 106 நோயாளிகளை ஆராய்ந்து 1984-இல் வெளியிட்ட கட்டுரை, இரத்தத்தில் நார்அட்ரினலின் அளவு கூடக்கூட நோயாளியின் ஆயுள் குறைவதைக் காட்டியது.

ஏற்பி என்னும் பூட்டு

ஹார்மோன் இரத்தத்தில் மிதந்து செல்வதால் மட்டும் எதுவும் நிகழ்ந்துவிடுவதில்லை. உயிரணுக்களில் அதற்கென அமைந்த புரதம் ஒன்றுடன் அது பொருந்த வேண்டும். இந்தப் புரதமே ஏற்பி. ஏற்பியைப் பூட்டு என்று கொண்டால் ஹார்மோன் அதன் சாவி. ஏற்பித் தடுப்பான் என்பது பூட்டுக்குள் நுழைந்து அமர்ந்துகொள்ளும், ஆனால் பூட்டைத் திறக்காத மற்றொரு சாவி. அது அங்கே இருக்கும்வரை ஹார்மோன் வந்து வாசலில் நிற்கலாம். உள்ளே அதன் கட்டளை செல்லாது.

ஆகவே இம்மருந்துகள் தளர்ந்த இதயத்தை அடித்து ஓட்டுபவை அல்ல. அதன் மேல் விழும் சாட்டையைப் பிடித்து நிறுத்துபவை. எனவேதான் இவற்றின் பயன் ஒரே நாளில் தெரிவதில்லை. மூச்சிரைப்பையும் கால் வீக்கத்தையும் நீர் பிரிக்கும் மாத்திரை சில மணி நேரத்தில் குறைத்துவிடும். ஏற்பித் தடுப்பான்களோ வாரங்கள், மாதங்கள் எடுத்துக்கொண்டு இதயத்தின் அமைப்பையே சீர்செய்கின்றன.

பீட்டா தடுப்பான்: நம்பப்படாத மருந்து

நார்அட்ரினலின் பொருந்தும் பீட்டா ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் பீட்டா தடுப்பான்கள். நெஞ்சுவலி நோயாளிகளுக்காக ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் 1960-களில் புரோப்ரனலால் என்னும் மருந்தை உருவாக்கினார். 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்றே அக்காலத்தில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஏற்கெனவே தளர்ந்த இதயத்தின் வேகத்தை இன்னும் குறைப்பதா என்ற அச்சமே காரணம்.

ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்கு மாறாக நடந்தனர். இதயத் தசை நோயால் மிகவும் தளர்ந்து, ஓய்வில் இருக்கும்போதும் இதயம் விரைந்து துடித்துக்கொண்டிருந்த ஏழு நோயாளிகளுக்கு அவர்கள் பீட்டா தடுப்பானைக் கொடுத்தனர். நோயாளிகளின் நிலை மேம்பட்டது. 1975-இல் வெளியான அந்தக் கட்டுரையை உலகம் எளிதில் ஏற்கவில்லை. ஐயம் தீர ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. 1999-இல் இரு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளியாயின. பிசோப்ரோலால் மருந்தை 2,647 நோயாளிகளிடம் ஆராய்ந்தபோது, மருந்து பெறாத பிரிவில் 17.3 விழுக்காட்டினரும் மருந்து பெற்ற பிரிவில் 11.8 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். மருந்தின் நன்மை ஐயமற்றுத் தெரிந்ததால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது. மெட்டோப்ரோலாலை 3,991 பேரிடம் ஆராய்ந்த மற்றோர் ஆய்வில் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. ஏழு பேரிடம் தொடங்கிய துணிவு இன்று உலகெங்கும் நடைமுறையாகிவிட்டது.

பழைய அச்சத்திலும் ஓர் உண்மை இருந்தது. இம்மருந்தை எடுத்த எடுப்பில் முழு அளவில் கொடுத்தால் இதயம் தாங்காது. எனவேதான் நுரையீரலில் தேங்கிய நீர் வடிந்து, நோயாளி நிலைபெற்ற பின் மிகச் சிறிய அளவில் இது தொடங்கப்படுகிறது. பிசோப்ரோலால் எனில் 1.25 மி.கி. தொடக்க அளவு, இரு வாரங்களுக்கு ஒருமுறையோ இன்னும் மெதுவாகவோ உயர்த்தி, உடல் ஏற்குமானால் 10 மி.கி. வரை செல்வதுண்டு. அளவு கூடும்போதெல்லாம் "நோய் முற்றிவிட்டதோ" என்று கலங்க வேண்டியதில்லை. சிகிச்சை திட்டப்படி முன்னேறுகிறது என்பதே அதன் பொருள். தொடக்க வாரங்களில் சற்றுச் சோர்வு தோன்றுவது இயல்பு. இம்மருந்தைத் திடீரென நிறுத்துவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது.

நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சர்க்கரை அளவு தாழும்போது தோன்றும் படபடப்பை இம்மருந்து மறைத்துவிடலாம். அதனால் திடீர் வியர்வையை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். ஆஸ்துமா இருப்பின் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆஞ்சியோடென்சினைத் தடுத்தல்

இரண்டாவது ஹார்மோனைக் கட்டுப்படுத்த இரு வழிகள் உண்டு. ஒன்று, அது உருவாவதையே குறைப்பது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை இவ்வகை. இவ்வகையில் வாய்வழியே உண்ணத்தக்க முதல் மருந்து பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது என்பது வியப்பூட்டும் செய்தி. 1987-இல் வெளியான ஆய்வில், மிகக் கடுமையான இதயச் செயலிழப்பு கொண்ட 253 பேரில், எனலாப்ரில் பெறாதவர்களுள் 44 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் இறந்தனர். பெற்றவர்களுள் இது 26 விழுக்காடாகக் குறைந்தது.

இவ்வகை மாத்திரைகள் சிலருக்கு ஓயாத வறட்டு இருமலைத் தரும். இருமல் மருந்து வாங்கிக் குடித்து நாள் கடத்தாமல் மருத்துவரிடம் கூறினால், ஏற்பியை அடைக்கும் இரண்டாம் வகை மருந்துக்கு மாற்றுவார். லோசார்டன், வால்சார்டன், கேண்டசார்டன் ஆகியவை அவ்வகை.

வால்சார்டனுடன் சாகுபிட்ரில் என்ற மருந்தைச் சேர்த்த கூட்டு மாத்திரை இப்போது பலருக்கும் தரப்படுகிறது. உப்பையும் நீரையும் வெளியேற்றும் நற்பணியைச் செய்யும் இயற்கைப் புரதங்கள் விரைவில் அழிந்துவிடாமல் சாகுபிட்ரில் காக்கிறது. 8,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2014-இல் வெளியான ஆய்வில், எனலாப்ரிலைக் காட்டிலும் இக்கூட்டு மருந்து, இதய நோயால் நேரும் இறப்பு அல்லது இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேரும் நிலையை 20 விழுக்காடு குறைத்தது. பழைய எனலாப்ரில், ராமிப்ரில் மாத்திரையை நிறுத்திய பின் 36 மணி நேரம் கழித்தே இதைத் தொடங்க வேண்டும். இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. மீதமிருக்கும் பழைய மாத்திரை அட்டைகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று செவிலியர் கூறுவது இதனால்தான்.

ஆல்டோஸ்டீரோனும் பழைய மாத்திரை ஒன்றும்

ஆல்டோஸ்டீரோன் 1953-இல் இலண்டனில் சில்வியா சிம்சன், ஜேம்ஸ் டெய்ட் ஆகியோரின் முயற்சியால் கண்டறியப்பட்டது. அதன் ஏற்பியை அடைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் ஏறத்தாழ 1960 முதல் நீர் பிரிக்கும் மாத்திரையாகவே பயன்பட்டுவந்தது. அதன் உண்மையான ஆற்றல் 1999-இல்தான் வெளிப்பட்டது. கடுமையான இதயச் செயலிழப்பு கொண்ட 1,663 பேரில் ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 25 மி.கி. தரப்பட்டது. சராசரியாக இரண்டாண்டுக் காலத்தில், மருந்து பெறாதவர்களுள் 46 விழுக்காட்டினரும் பெற்றவர்களுள் 35 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். விலை மலிவான அந்தச் சிறு மாத்திரை இறப்பு அபாயத்தை 30 விழுக்காடு குறைத்திருந்தது. இந்த நன்மை வெறும் நீர் பிரிப்பால் வந்ததன்று. இதயத் தசையில் இறுகிய திசு படர்வதைத் தடுப்பதும் இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. எனவே கால் வீக்கம் வடிந்துவிட்டது என்பதற்காக இம்மாத்திரையை நீங்களாகக் கைவிடலாகாது.

அந்த ஆய்வில் ஆண்களுள் பத்தில் ஒருவருக்கு மார்பு வீக்கமோ வலியோ ஏற்பட்டது. கூச்சத்தால் இதை மறைத்து, சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுவோர் உண்டு. சொன்னால் போதும், எப்ளெரினோன் என்ற மாற்று மருந்தில் இத்தொல்லை மிகக் குறைவு.

நன்மைக்கு மறுபக்கமும் உண்டு. ஆல்டோஸ்டீரோன் பொட்டாசியத்தை வெளியேற்றுவது. அதைத் தடுத்தால் பொட்டாசியம் உடலில் தேங்கும். அளவு மிகுந்தால் இதயத் துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் இதை நேரடியாகக் கண்டது. 1999 ஆய்வுக்குப் பின் அங்கு இம்மருந்து பெருமளவில் எழுதப்பட்டது. பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்தோர் ஆயிரம் நோயாளிகளுக்கு 1994-இல் 2.4 ஆக இருந்தது, 2001-இல் 11 ஆக உயர்ந்தது. இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமல் செய்ய வேண்டும் என்பதே அந்த அனுபவம் தரும் பாடம். மருந்து தொடங்கிய முதல் வாரத்திலும், நான்காம் வாரத்திலும், பின்னர் சில மாதங்களுக்கு ஒருமுறையும் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கப்பட வேண்டும். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் மருந்தின் அளவு குறைக்கப்படும். 6-ஐத் தாண்டினால் நிறுத்தப்படும்.

நம் அடுக்களையில் கவனிக்க வேண்டியவை

உப்பைக் குறைக்கச் சொன்னவுடன் கடையில் கிடைக்கும் "சோடியம் குறைந்த உப்பை" வாங்கும் குடும்பங்கள் உண்டு. அதில் சோடியத்துக்கு மாற்றாகச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் பொட்டாசியமே. மேற்கூறிய மருந்துகளை உட்கொள்வோர் மருத்துவர் அனுமதியின்றி அதைப் பயன்படுத்தக் கூடாது. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் உப்புதான். அதனால் தனி நன்மை இல்லை. உப்பின் அளவைக் குறைப்பதும், ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர் ஆகியவற்றை ஒதுக்குவதுமே நேரான வழி.

இளநீர் நம் மண்ணின் அருமருந்து என்று போற்றப்படுவது. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. வயிற்றுப்போக்கு கண்டவருக்கு இளநீர் கொடுப்பது நம் வழக்கம். அந்த வேளையில்தான் நீரிழப்பால் சிறுநீரகம் சோர்ந்திருக்கும், பொட்டாசியம் வெளியேறாது. அப்போது இளநீரும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்வது ஆபத்தில் முடியலாம். எல்லாரும் எல்லாப் பழங்களையும் விலக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டு எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் வல்லுநர் சொல்வார்.

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் தாமே வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும், பொட்டாசியத்தையும் உயர்த்தும். அவற்றைத் தவிருங்கள். இதயத்துக்காக மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினை இதனுடன் குழப்பிக்கொண்டு நிறுத்திவிட வேண்டாம்.

கருவுறும் வாய்ப்புள்ள பெண்கள் அதை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும். இம்மருந்துகளுள் சில கருவுக்குக் கேடு விளைவிப்பவை.

"இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்?"

சிகிச்சையின் ஓராண்டில் சிலருக்கு எக்கோவில் இதயத்தின் செயல்திறன் இயல்பு நிலையை எட்டுகிறது. மகிழ்ச்சியான அந்நாளில் எழும் கேள்வி: "இனி மாத்திரை எதற்கு?" இதற்கு விடை தேடி இலண்டனில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இதயத் தசை நோயிலிருந்து மீண்டு, அறிகுறி ஏதுமின்றி இருந்த 51 பேர் அதில் பங்கேற்றனர். மருத்துவர்களின் நெருங்கிய கண்காணிப்பில் 25 பேருக்கு மருந்துகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. ஆறு மாதத்துக்குள் அவர்களுள் 11 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்த பிரிவில் அக்காலத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. இதயம் நன்றாக இருப்பது பலருக்கு மருந்து தொடர்வதால்தான் என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது.

தொடக்கத்தில் கூறிய குடும்பத்தின் கேள்விக்கும் இங்கே விடை உண்டு. 106-க்கு 68 என்ற அளவு, தலைசுற்றலோ மயக்கமோ இல்லாதவரை, மருந்தை நிறுத்தக் காரணம் ஆகாது. எழும்போது தலை சுற்றினால் படுக்கையில் சற்று அமர்ந்து பின்னர் எழுங்கள். தொல்லை தொடர்ந்தால் மருத்துவர் நீர் பிரிக்கும் மாத்திரையைக் குறைக்கலாம். மாத்திரைகளை வெவ்வேறு வேளைக்கு மாற்றலாம். வழிகள் பல இருக்கின்றன. தாமாக நிறுத்துவது அவற்றுள் ஒன்றன்று.

உடனிருந்து கவனிப்போருக்கு

• நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

• வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வந்தால் அன்றே அழையுங்கள். எந்த மாத்திரையைச் சில நாள்கள் நிறுத்தி வைப்பது, எதைத் தொடர்வது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதைக் கேட்டுச் செய்யுங்கள்.

• மயக்கம், நாடித்துடிப்பு மிகக் குறைதல், திடீரெனத் தசை வலுவிழத்தல், படுக்க முடியாத மூச்சுத்திணறல், முகமோ உதடோ வீங்குதல் ஆகியவை கண்டால் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

• மாத்திரைகள் தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வெளியூர்த் திருமணம், திருவிழா என்று செல்லும்போது மருந்துப் பெட்டியை முதலில் எடுத்து வையுங்கள்.

• வேறு மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ மருந்துக் கடைக்கோ செல்லும்போது முழு மருந்துச் சீட்டையும் காட்டுங்கள்.

• மருந்தின் விலை தடையாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். பீட்டா தடுப்பான், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை குறைந்த விலையிலும் கிடைக்கின்றன. செலவுக்கு அஞ்சி ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பதைவிட, தாங்கக்கூடிய மருந்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

அடுத்த முறை வரும்போது உங்கள் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்து வாருங்கள். அவற்றுள் எது எந்த ஹார்மோனைத் தடுக்கிறது, இன்னும் எவ்வளவு உயர்த்தலாம், எந்தப் பரிசோதனை எப்போது வேண்டும் என்று கேளுங்கள். மாத்திரை எதற்கு என்று அறிந்தவர் அதை எளிதில் நிறுத்திவிடுவதில்லை. உங்கள் கேள்விக்கு விடை சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.